நெட்டை எழுத்து

"தலைப்பு ஏறலை மேடம்."

பக்கம் வடிவமைக்கிற லேஅவுட்காரர் சொன்னதும் சப் எடிட்டருக்குத் தலைவலி இன்னும் கூடியது. விடிவதற்கு முன்பே வந்தவள். மாலைப் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரம். முதல் பக்கமே இன்னும் முடிந்தபாடில்லை.

"ஏன் ஏறலை?"

"அந்த நர்ஸோட பேரு நீளம். வெளியே வழியுது."

ஆஸ்பத்திரியில் ஒரு கைக்குழந்தையைக் காணோம். அப்போது பணியிலிருந்த நர்ஸைப் போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தது. செய்தி அவ்வளவுதான்.

"விசாரணைதானே சார், பேரு வேணுமா?" என்று காலையிலேயே எடிட்டரிடம் கேட்டுப் பார்த்திருந்தாள்.

"விசாரணைன்னு கீழே சின்னதாப் போட்டுக்கலாம்மா. மேலே பேரு வரணும். பேப்பர் கடை வாசல்ல தொங்கினா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் படிக்கணும்."

அதற்கு மேல் மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை.

"பழைய சினிமா போஸ்டர் எழுத்து ஒண்ணு இருக்குமே" என்றாள் லேஅவுட்காரரிடம். "நெட்டையா, தடியா, நெருக்கியடிச்சு நிக்குமே. அதைப் போடுங்க. எவ்வளவு நீளப் பேரும் அடங்கிடும்."

"அந்த ஃபான்ட் கெட்டுப்போச்சு மேடம். எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வருது."

"நேத்து நல்லாத்தானே இருந்தது?"

"ஒரு நிமிஷம். முகம் கழுவிட்டு வந்து பார்க்கிறேன்."

ஆபீஸில் அவருக்குப் பெயரே 'ஒரு நிமிஷம்'தான். வேலை கழுத்தை நெரிக்கும்போதுதான் அவருக்கு முகம் கழுவத் தோன்றும்.

'இந்த ஆளை நம்பினா விளங்கினாப்லதான்' என்று முணுமுணுத்தபடி அவர் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். நெட்டை எழுத்தைத் தேடிப் பிடித்துத் தட்டினாள்.

கட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முழுப் பெயரும் ஒரே வரியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கன்னங்கரேலென்று வந்து நின்றது.

வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார்.

சுள்ளென்று கோபம் வந்தது. கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று திரும்பினாள். கதவுக்கு அப்பால் குழாயடியில் நின்றிருந்தார். குழாயைத் திறக்கவில்லை. முகமும் கழுவவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள்.

தீர்ப்பே சொல்லி முடித்துவிட்ட மாதிரி நின்றது அந்தப் பெயர். அடியில் 'விசாரணை' எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி வீட்டுக்குப் போகிற வழியிலும் ஒரு கடை இருக்கும்.

எடிட்டர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஏறுச்சா? அந்த ஆளு ஏதாவது சாக்குச் சொல்வாரு. நீங்களே ஒருதரம் பார்த்துடுங்க."

அவள் பெயரை அழித்தாள்.

"பார்த்துட்டேன் சார். கட்டம் கட்டமாத்தான் வருது."