முழங்கால் சந்து

பிறவியிலேயே அரிவாள் செல் நோய் உள்ள மருதி என்ற சிறுமியின் முழங்காலுக்குள் ஒரு குறுகலான ரத்தக்குழாய். அதில் ஒரு சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த வட்டச் சிவப்பணுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நேரா நிக்கத் தெரியாதா உனக்கு? உன்னால எல்லாரும் நிக்கிறோம் பாரு!"

"வரும்போது நானும் உன்னை மாதிரி வட்டமாத்தான் வந்தேன்" என்றது வளைந்தது. "இந்த எலும்பு மூச்சுக்குத் தவிச்சுது. சுமந்து வந்த காத்தைக் கொடுத்தேன். கொடுத்ததும் உடம்பு இப்படி விறைச்சுப் போச்சு."

"காத்தைக் கொடுக்கிறது நம்ம எல்லாருக்கும் உள்ள வேலைதானே? பெருசா சொல்ல வந்துட்ட!"

வெளியே மருதி காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே எலும்பு கெஞ்சியது. "கொஞ்சம் காத்து கொடுங்களேன்."

வட்டத்துக்கு அதற்கு மேல் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தது. எலும்பின் முனகல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் வட்டத்தின் ஓரங்கள் மெல்லச் சுருங்கின. உடம்பு வளைந்து விறைத்தது.

"வலிக்குதா?" என்றது முதலில் வளைந்தது. "என்மேல சாஞ்சுக்கோ. மருதியோட அம்மா சுடுதண்ணி ஒத்தடம் கொடுப்பாங்க, நிறைய தண்ணி குடிக்க வைப்பாங்க. வழி இளகும்."

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது. "நேரா நிக்கத் தெரியாதா உனக்கு?"

இப்போதுதான் வளைந்தது திரும்பிப் பார்த்தது. வட்டமாக ஒன்று, நிறையக் காற்றைச் சுமந்துகொண்டு நின்றது.

"மெதுவா வா, கண்ணு" என்றது இது.