உள்நாக்கு எடுத்த விரல்

டாக்டரம்மா டார்ச்சை அணைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் திறங்க."

அவன் திறந்தான். ஒட்டன்சத்திரம் மண்டியில் தக்காளி ஏலம் கூவுகிற வாய். இந்த வாரம் அதில் வெறும் காற்றுதான் வருகிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்றார்கள் மண்டியில். அவனும் நம்பித் தொலைத்தான்.

இப்போது தாடைக்குக் கீழே ஒரே வீக்கம். கழுத்தையே காணோம்.

பஞ்சுக் குச்சி உள்ளே போய்த் தொட்டது. சாம்பல் நிறத்தில், கெட்ட பாலாடை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகரவில்லை. ஓரத்தில் ரத்தம் கசிந்தது.

டாக்டரம்மா ஓரடி பின்னால் போனார்.

தொண்டை அடைப்பான். டிப்தீரியா.

மதுரைக்குப் போன் போட்டார். விஷமுறிவு மருந்து ஒரே ஆளுக்குத்தான் இருக்கிறதாம். அடுத்தது சென்னையிலிருந்து வரவேண்டும். இருப்பதை உடனே அனுப்பச் சொன்னார்.

அவனுக்குக் காது நன்றாகவே கேட்டது.

"கட்டிலை விட்டு எந்திரிக்கவே கூடாது. இந்த விஷம் இதயத்தைப் பிடிக்கும். நடந்தா அப்படியே நின்னுடும்."

பிறகு அவன் மனைவியிடம் திரும்பினார். "தொண்டையில கையை விட்டது யாரு?"

"உள்நாக்கு விழுந்துருச்சுன்னு நாந்தானுங்க கல்லுப்பு தொட்டு எடுத்துவுட்டேன்." கவிதாமணி ஆள்காட்டி விரலைக் காட்டினாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "எங்க தெருவுக்கே நாந்தானுங்க."

"அன்னைக்கு வேற யாருக்காவது?"

விரல் மெல்ல இறங்கியது.

"எங்க பாப்பாவுக்குங்க. சோறு திங்கமாட்டேங்கறாளேன்னு..."

"தடுப்பூசி போட்டிருக்கா?"

"காய்ச்சல் வருதுன்னு பாதியில நிறுத்திப்போட்டமுங்க."

"எங்க அவ?"

"வெளியில, எங்கக்கா மடியில. காலையிலிருந்து தண்ணிகூட எறங்கலீங்க."

டாக்டரம்மா வராந்தாவுக்கு ஓடினார். கவிதாமணி பின்னாலேயே ஓடினாள். "இவளுக்கும் அதேதான்" என்று டாக்டரம்மா சொல்வது உள்ளே கேட்டது.

அவன் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான். பயமாக இருந்தது. அவனுக்குச் சாக விருப்பமில்லை.

இரண்டு மணி நேரத்தில் மதுரை வண்டி வந்துவிட்டது; டாக்டரம்மா இன்னும் வராந்தாவில் பாப்பாவோடுதான் இருந்தார். நர்ஸ் ஐஸ் பெட்டியோடு வந்து, அவன் கையைப் பிடித்து நரம்பு தேடினாள்.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணே, கையைக் குடுங்க."

தரவில்லை. ஏதோ சொல்லப் பார்த்தான். காற்றுதான் வந்தது.

காலைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றான்.

கட்டிலைத் தட்டிக் காட்டினான். பிறகு, வராந்தாவை.