டெலிவரிக்கு வந்த மாப்பிள்ளை

கதவைத் திறந்த சில்வெஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாசலில் பிரியாணிப் பையோடு நின்றது லாயிட். அவருடைய ஒரே மகள் ஆஞ்சலாவின் கணவன். பேங்க் ஆபீசர். போட்டிருந்ததோ டெலிவரி கம்பெனி டி-ஷர்ட்.

"மா..." என்று ஆரம்பித்தவர் மிச்சத்தை அப்படியே விழுங்கினார். உள்ளே சோபாவில் தியோடர் உட்கார்ந்திருக்கிறாரே! மெல்போர்னில் இருக்கும் மகன் க்ளென்னுக்குப் பெண் கொடுக்கப் பேச வந்தவர்.

"வெச்சிட்டுப் போப்பா."

லாயிட் மாமனாரை ஒரு கணம் பார்த்தான். "சரி சார்" என்று படியிறங்கிவிட்டான்.

"வெயில்ல வந்திருக்காரு, ஒரு டம்ளர் தண்ணி கொடுத்திருக்கலாமே?" என்றார் தியோடர்.

"இவங்களுக்கெல்லாம் நிக்க நேரம் ஏது பிரதர்? நீங்க சாப்பிடுங்க. என் வைஃப் பவுலின் சர்ச்சுல இருந்து வர லேட்டாகும், அதான் வெளியில சொல்லிட்டேன்."

தியோடரின் மகள் கேரலும் மெல்போர்னில்தான். அங்கேயே படித்து, அங்கேயே வேலையில் இருக்கிறாள். இப்படி ஒரு சம்பந்தம் வீடு தேடி வந்ததில் சில்வெஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

"திரைகடல் ஓடியும் திரவியம் தேடுன்னு சும்மாவா சொன்னாங்க? க்ளென் போய் இறங்கின உடனே வேலை. ஹோட்டல்ல மேனேஜர்!"

"இறங்கின உடனேயே மேனேஜரா?"

"பின்னே? ஏசி ரூம், கோட்டு, டை..."

"வீட்டு வேலை ஏதாவது செய்வாரா? அந்த ஊர்ல அதுக்கெல்லாம் ஆள் வெச்சுக் கட்டுப்படி ஆகாதே."

"என் பையனா? குடிச்ச டம்ளரைக் கூடக் கழுவ விட்டதில்ல. ராஜா மாதிரி வளர்த்திருக்கேன்."

தியோடருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துச் சமாளித்துக்கொண்டு, "உங்க மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டார்.

"அவர் பேங்க்ல பெரிய ஆபீசர். ஆஞ்சலாவுக்கும் மெல்போர்ன்லயே நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் ரெண்டு பேரும் கிளம்பறாங்க. அவருக்கும் அங்கே பெரிய வேலையாத்தான் பார்ப்போம்."

"நல்லதே நடக்கட்டும். வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று தியோடர் விடைபெற்றார்.

அவருடைய ஆட்டோ தெருமுனையில் திரும்பியதுதான் தாமதம். சில்வெஸ்டர் தடதடவென்று கீழே இறங்கினார். லாயிட் மர நிழலில் வண்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தான்.

"என்ன கூத்து மாப்பிள்ளை இது? அவர் மட்டும் கண்டுபிடிச்சிருந்தா என் மானம் கப்பலேறி இருக்குமே!"

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் மாமா. அங்கே எனக்குன்னு பேங்க் வேலையை யார் எடுத்து வெச்சிருக்காங்க? நல்லதா ஒண்ணு அமையற வரைக்கும் இந்த மாதிரி ஏதாவதுதான். அதை நினைச்சுப் பயந்து, 'நான் வரலை, நீ மட்டும் போ'ன்னு கூட ஆஞ்சலாகிட்ட சொல்லிட்டேன். பாவம், அழுதுட்டா."

"அங்கே போய் எதை வேணா செய்ங்க, யார் பார்க்கப் போறாங்க! இங்கே, அதுவும் நாம குடியிருக்கற காக்ஸ் டவுன்லயா?"

"தெரிஞ்சவங்க முன்னாடி செய்ய முடிஞ்சாத்தானே கூச்சம் போகும்? உங்க வீட்டு அட்ரஸ்னு பார்த்துட்டுதான் இந்த ஆர்டரை எடுத்தேன். நீங்க கதவைத் திறந்து 'வாங்க மாப்பிள்ளை'ன்னு சொல்லிட்டா, அப்புறம் எந்த ஊர்ல எந்தக் கதவையும் தைரியமா தட்டலாம்னு நினைச்சேன்."

சில்வெஸ்டருக்குச் சுருக்கென்றது. ஆனால் மாமனார் என்ற கெத்தை அவ்வளவு சுலபத்தில் விட முடியுமா? உடனே க்ளென்னுக்கு வீடியோ கால் போட்டார்.

"டேய், உன் மச்சானுக்கு நீயாவது புத்தி சொல்லு!"

விஷயத்தைக் கேட்ட க்ளென் சிரித்தான். "சொல்லிக் கொடுத்ததே நான்தான் டாடி. அங்கேயே பழகிட்டு வாங்கன்னு."

"நீயா?"

"நான் வந்த புதுசுல இதே ஹோட்டல்ல தட்டுதான் கழுவிக்கிட்டிருந்தேன். உங்ககிட்ட சொல்ல வெட்கம். நம்ம ஊர்க்காரங்க யாராவது சாப்பிட வந்தா ஸ்டோர் ரூம்ல போய் ஒளிஞ்சுப்பேன். அழுகையா வரும். மச்சானுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் டாடி."

சில்வெஸ்டரின் கண் கலங்கிவிட்டது. டம்ளர் கழுவ விடாமல் வளர்த்த பிள்ளை! போனைப் பிடித்தபடியே லாயிட்டின் தோளில் கை போட்டார்.

"உள்ளே வாங்க மாப்பிள்ளை, சேர்ந்து சாப்பிடலாம்."

இரண்டு படி ஏறுவதற்குள் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. போனில் கிசுகிசுத்தார்.

"டேய், தட்டு கழுவின கதையெல்லாம் தியோடர் காதுக்குப் போயிடப் போகுது. பொண்ணு கொடுக்க மாட்டாரு!"

"அட, நீங்க வேற! ஸ்டோர் ரூம்ல ஒளிஞ்சவனை வெளியே இழுத்துட்டு வந்து, பக்கத்துல நின்னு கூடவே தட்டு கழுவினதே கேரல்தான் டாடி. அவ எல்லாத்தையும் சொன்ன பிறகுதான், 'அந்தப் பையனையே பேசி முடிக்கிறேன்'னு அவங்கப்பா உங்களைத் தேடி வந்தாரு!"