மேனேஜரின் பாதம்

கூதிர்ப் பருவம் விடைபெற மனமின்றித் தயங்கிக்கொண்டிருந்தது. மழை ஓய்ந்தும் ஈரம் ஓயவில்லை. சுவர்கள் வியர்த்தன. கொடியில் கிடந்த துணிகள் காலை முதல் மாலை வரை காய்வதுபோல் பாவனை செய்தன. ஞாயிறு, வந்துபோனதற்கு அடையாளமாக வெளிறிய ஒளியொன்றைக் கூடத்துத் தரையில் வைத்துவிட்டு நடந்தது. நோயுற்றவர் இருக்கும் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வதுபோல், வானமும் குரலைத் தாழ்த்தியிருந்தது.

அந்த ஈரம்தான் மேனேஜரின் பாதத்தில் ஏறியது.

மேனேஜர் ஒரு வான்கோழி. பெயரிட்டவர் மாமனார். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு மேனேஜர் முன்னால் கைகட்டி நின்ற குமாஸ்தா அவர். இந்த மேனேஜர் முன்னாலாவது உட்கார முடிகிறதே என்று மருமகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

சர்க்கரை நோய்க்காரரான அவருக்கு விலக்கப்பட்ட பிஸ்கட்டெல்லாம் மேனேஜரின் அலகுக்குள் போயின. மேனேஜர் பெருத்தது. தன் உடலின் கனத்தைத் தானே தாங்கமாட்டாமல் அதன் உள்ளங்கால் வெடித்தது. வெடிப்பில் அழுக்குப் புகுந்து, பாதம் எலுமிச்சையளவு வீங்கிற்று.

வீட்டுக்கு வந்து பார்த்த கால்நடை மருத்துவர், சீழ் எலும்பைத் தொட்டால் விரலை எடுக்க நேரும், இத்தனை எடையோடு ஊனக்காலில் நின்று இது பிழைக்காது என்றார். தீவனத்தைக் குறைக்க வேண்டும், வைக்கோலை நாள்தோறும் மாற்ற வேண்டும், வெதுவெதுப்பான உப்புநீரில் காலை ஊறவைத்துப் புண்ணைத் துடைத்துக் கட்ட வேண்டும்.

அதற்கு வலிக்குமா என்று கேட்டவர் மாமனார்தான்.

"வலிச்சா காலை இழுத்துக்கும், அது நல்லதுதான். இழுக்காம சும்மா இருந்துச்சுன்னா அப்பதான் பயப்படணும்" என்றார் மருத்துவர்.

கணவன் வெளியூர் வேலையில் இருந்தான். வீடு, அலுவலகம், மேனேஜர் எல்லாம் மருமகள் தலையில். மருத்துவர் படியிறங்கியதும் அவளுக்கு வாய் கட்டுக்கடங்கவில்லை.

"பாசமா பிஸ்கட் போட்டீங்க. இப்ப யாரு பாக்கிறது? இன்னொரு புண்ணு வந்தா, அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல மாமா."

அன்று முதல் ஒரு பிஸ்கட்கூட அவர் கையிலிருந்து விழவில்லை. குளிர் என்று சொல்லி, வீட்டுக்குள்ளேயே காலுறை அணியத் தொடங்கினார்.

அதன்பின் நாள்தோறும் ஒரே வழிபாடு. துண்டில் சுற்றிய மேனேஜரை மாமனார் மடியில் ஏந்தி, அதன் காதருகே ஏதோவொரு பதிகத்தை முணுமுணுப்பார். மருமகள் கீழே அமர்ந்து புண்ணைத் துடைப்பாள். முதலில் கட்டியாய் இறுகிய சீழ் வந்தது. பிறகு குருதி. பிறகு ஒன்றுமில்லை. புண் தரையில் அழுந்தாதிருக்க, பஞ்சு மெத்தைத் துண்டொன்றை வட்டமாக நறுக்கி, நடுவில் துளையிட்டு, பாதத்தின் அடியில் வைத்துக் கட்டச் சொல்லியிருந்தார் மருத்துவர். நறுக்கித் தருவது மாமனாரின் பொறுப்பு.

மருந்தும் பஞ்சும் மட்டும் சொல்லிவைத்தாற்போல் தீர்ந்துகொண்டே இருந்தன. கை நடுக்கத்தில் மாமா கொட்டிவிடுகிறார் என்று எண்ணி, அவள் கேளாமல் விட்டாள்.

இன்று கட்டைப் பிரித்தபோது கருத்த பொருக்கு தானே கழன்று விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். விரலால் தொட்டதும் மேனேஜர் காலை வெடுக்கென இழுத்து உதைத்ததில் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தது. மேனேஜருக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது என்றார் மாமனார். இருவரும் வெகுநாட்களுக்குப் பின் சிரித்தார்கள்.

இனி மருந்துப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடலாம் என்றாள் அவள்.

"இருக்கட்டும்மா. கீழயே இருக்கட்டும்" என்றார் அவர், சற்று அவசரமாக.

கவிழ்ந்த நீர் வாசற்பக்கம் ஓடிற்று. அங்கே கிடந்த அவருடைய செருப்புகள் நனையாதிருக்க அவள் எடுத்தாள்.

வலச் செருப்பின் உள்ளே ஒரு வட்டப் பஞ்சு. நடுவில் துளை. துளையின் விளிம்பில் மஞ்சள் கறை.

அவள் சட்டியை மீண்டும் நிரப்பி, சூட்டைத் தன் முழங்கையில் பார்த்து, நாற்காலியின் முன் வந்து அமர்ந்து, அவருடைய காலுறையை மெல்ல உருவினாள். மீண்டும் தொடங்கியிருந்த பதிகம் நின்றது. அவர் கண்களை இறுக மூடி, மேனேஜரை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பெருவிரலின் அடியில் இருந்தது அது. மேனேஜரின் புண்ணைவிட ஆழம்.

அவள் நீர் ஊற்றினாள். பஞ்சால் துடைத்தாள். மருந்து தோய்த்த துணியை உள்வரை செலுத்தி ஒற்றி எடுத்தாள். பாதம் இழுத்துக்கொள்ளட்டும் என்று காத்தாள். துண்டுக்குள் மேனேஜர்தான் ஒருமுறை காலை இழுத்துக்கொண்டது.

"வலிக்கும்னு தெரியும்மா. தாங்கிக்கிறேன். நீ ஆரம்பி" என்றார் அவர்.

அவள் கையிலிருந்த துணி சிவந்திருந்தது.

குனிந்து, அந்தப் புறங்காலின்மேல் நெற்றியை வைத்தாள். விழிநீர் விரலிடுக்கில் இறங்கியது. அதையும் பாதம் அறியவில்லை.

அவள் தொடத் தயங்குகிறாள் என்றே அவர் எண்ணினார். கண் திறவாமல், மேனேஜரைத் தாண்டிக் கை நீட்டித் துழாவி, அவள் உச்சந்தலையைக் கண்டுகொண்டார்.

"பயப்படாதம்மா. நீ நல்லா இருப்பே."