மூன்றாவது பரிசோதனை

"இன்னைக்காவது மருந்து குடுப்பீங்களா, இல்ல இன்னொரு டெஸ்ட்டு எழுதுவீங்களா?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அஞ்சலாட்சி கேட்டுவிட்டாள். அருகில் நின்ற மகள் அன்புசெல்வி வெட்கத்தால் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் நிர்மலாதேவி அன்புசெல்வியின் கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று நடுங்கியது.

"தூக்கம் வருதா?"

"இல்ல டாக்டர். படுத்தா நெஞ்சு தடதடன்னு அடிச்சிக்குது. நிச்சயத்துக்குத் தைச்ச ஜாக்கெட்டு தொளதொளன்னு தொங்குது."

"பார்த்தீங்களா!" என்று அஞ்சலாட்சி குரலை உயர்த்தினாள். "தைராய்டு அதிகமா இருக்குன்னு மொத ரத்த டெஸ்ட்டுலயே தெரிஞ்சுபோச்சு. என் நாத்தனார் அமுதவல்லிக்கும் இதே சீக்குதான். ஒரே ஒரு வேளை அயோடின் மருந்து குடுத்தீங்க, தேறிட்டா. எம் பொண்ணுக்கு மட்டும் ரத்தம், ஸ்கேனு, மறுபடியும் ரத்தம்! ஆவணியில கல்யாணம் வச்சிருக்கேன். தவளக்குப்பத்திலேருந்து இந்தக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு நாலாவது தடவையா பஸ் ஏறி வரேன். எவளாவது பார்த்து சம்பந்தி வீட்டுல போட்டுக் குடுத்தா என்னா ஆவறது?"

"அந்தம்மா கேக்கறது நியாயந்தானே?" என்று வெளியே வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பலர் ஆமோதித்தனர்.

"அமுதவல்லிக்கும் இதே ஸ்கேன் எடுத்த பிறகுதான் குடுத்தோம்," என்றார் டாக்டர். "அந்தக் கதிரியக்க மருந்து தைராய்டு சுரப்பியையே பொசுக்கிடும். பொசுக்கினது திரும்ப வராது. அதுக்கு முன்னாடி, தப்பு அதும்மேலதானான்னு எனக்குத் தெரியணும்."

"பெத்தவ நான் சொல்றேன், அப்புறம் என்னா? கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்கறேன். ரெண்டு மாசமா காலைக் காப்பியக்கூட படுக்கைக்கே கொண்டுபோய்க் குடுக்கறேன். என்னைவிட உங்களுக்கு அக்கறையா?"

"ஆமா டாக்டர்," என்று மகளும் சிரித்தாள். "முன்னல்லாம் நான்தான் காப்பி போடுவேன். இப்ப அம்மா அடுப்புப் பக்கமே விட மாட்டேங்குது."

டாக்டர் ஸ்கேன் படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் செருகினார்.

"அதிகமா சுரக்கிற சுரப்பியா இருந்தா, இந்த இடம் கறுகறுன்னு தெரியணும். இங்கே ஒண்ணுமே தெரியலை. உங்க பொண்ணோட சுரப்பி தூங்குது."

"தூங்குதா? அப்ப ரத்தத்துல எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கும் அதே கேள்விதான். சுரப்பி புண்ணாகி, சேர்த்து வச்சிருந்ததை மொத்தமா கொட்டியிருக்கலாம். அதைப் பார்க்கத்தான் மூணாவது பரிசோதனை. இன்னைக்கு முடிவு வந்துடுச்சு. புண் எதுவும் இல்லை."

"அப்ப?"

"வெளியிலேருந்து உள்ளே போகுது. உங்க வீட்டுல யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிடறீங்களா?"

அஞ்சலாட்சி மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அம்மாதான் டாக்டர்," என்றாள் அன்புசெல்வி. "அதுக்குக் கம்மியா சுரக்குதாம். மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதும் ஒடம்பு எப்படி இளைச்சுது தெரியுமா! நூறு மாத்திரை டப்பா, மூணு மாசத்துக்குக் கொறையாம வரும். இப்பத்தான் மாசத்துக்கு ஒண்ணு தீர்ந்துபோவுது. நான்தான் கடைக்குப் போய் வாங்கியாரேன்."

டாக்டர் அஞ்சலாட்சியை நிமிர்ந்து பார்த்தார்.

"வெளியே போய் நர்ஸ்கிட்ட எடை பார்த்துட்டு வாம்மா," என்றார் டாக்டர்.

மகள் கதவைச் சாத்தியதும், அதுவரை அறையை நிறைத்திருந்த அஞ்சலாட்சியின் குரல் தரைக்கு இறங்கிவிட்டது.

"நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்துட்டு, பொண்ணு என்னா இவ்ளோ சதையா இருக்குன்னு மாப்பிள்ளையோட அக்கா சொல்லிட்டா டாக்டரம்மா. எனக்கு இளைச்சுதே, அவளுக்கும் இளைக்கட்டுமேன்னுதான்... அப்புறம் இவளுக்கும் தைராய்டுன்னாங்க. தைராய்டுக்குத் தைராய்டு மாத்திரை நல்லதுதானேன்னு விடாம குடுத்தேன்."

"முதல் நாளே நீங்க கேட்ட மருந்தைக் குடுத்திருந்தா, நல்லா இருக்கிற சுரப்பியை நானே பொசுக்கியிருப்பேன். அதுக்கப்புறம் ஆயுசு பூரா இவளும் உங்களை மாதிரியே மாத்திரை சாப்பிடணும்."

அஞ்சலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டரம்மா. அப்புறம் எம் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். கதவு திறந்தது.

"நாப்பத்தெட்டு கிலோ டாக்டர். இன்னும் ரெண்டு கொறைஞ்சிருக்கு. எனக்கு அயோடின் மருந்து எப்போ?"

"அது உனக்கு வேண்டவே வேண்டாம். உன் சுரப்பியில ஒரு குறையும் இல்லை. ஆறு வாரத்துல பழையபடி ஆயிடுவே. நான் எழுதியிருக்கிறதை மட்டும் தவறாம செய்."

அன்புசெல்வி சீட்டை வாங்கிப் பார்த்தாள். படபடப்பு அடங்குவதற்கு ஒரு சிறு மாத்திரை, ஆங்கிலத்தில். அதன் கீழே தமிழில், இரண்டு முறை அடிக்கோடிட்டு, ஒரே ஒரு வரி. அதை அவள் உரக்கப் படித்தாள்:

"காலைக் காப்பியை நோயாளி தம் கையாலேயே போட்டுக் குடிக்க வேண்டும்."