நடு நெற்றிப் பொட்டு

கப்பலில் கண்ணாடி உடைந்த நாளிலிருந்து பூங்கோதையின் பொட்டு கோணல்தான். அந்தமானில், பெரார்கஞ்சில் காடு திருத்திக் குடியேறிய இந்த ஆறு மாதமாக அவளுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, பேச்சும் இல்லை.

நாலு நாளாகப் பாட்டு முணுமுணுக்கிறாள். பொட்டும் நூல் பிடித்தாற்போல நடு நெற்றியில் இருக்கிறது.

"யாருடி வெச்சுவிட்டது?" என்றான் புருஷன் பக்கிரிசாமி.

"ஏன், நல்லாயில்லையா?" என்று சிரித்தாள்.

மறுநாள் வயலுக்குக் கிளம்பியவன் பாதி வழியில் திரும்பி, அவளுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்தான். பக்கத்து வங்காளியின் குடிசைக்குள் அவள் நுழைந்தாள். அரிவாளை இறுகப் பிடித்துக்கொண்டு வேலியோரம் பதுங்கினான்.

அங்கே அந்த வங்காளியே கத்தியோடு பதுங்கியிருந்தான்.

"உன் வீட்டுக்கு நீயே ஏன்யா ஒளியறே?" அரைகுறை இந்தியில் கேட்டான் பக்கிரிசாமி.

"அரே பாயி, என் பெண்டாட்டி வகிட்டுக் குங்குமம் நாலு நாளா நேரா இருக்கு. எங்க வீட்டுலயும் கண்ணாடி கிடையாது!"

இருவரும் தட்டி இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். வங்காளிப் பெண் பூங்கோதையின் முகவாயைப் பிடித்துப் பொட்டு வைத்தாள். சற்றே பின்னால் சாய்ந்து பார்த்தாள்.

"ஷுந்தர்!" என்றாள். அழகாம்.

ஆறு மாதத்தில் பக்கிரிசாமி எந்தப் பாஷையிலும் சொல்லாத வார்த்தை அது.