சந்தைக்கு வந்த ஆத்தாயி

“என்ற சம்சாரம் எங்கிட்டப் பேசி இன்னையோட பன்னெண்டு நாளாச்சுங்க ஆத்தாயி.” டைப் அடித்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று தனசேகர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

“அட கெரகமே. சோறாச்சும் போடறாங்களா?” என்று திரையில் பதில் வந்தது.

“அதெல்லாம் போடறா. தட்டு வெக்கிற சத்தந்தான் தெருமுக்கு வரைக்கும் கேக்குது. பால் தீந்துபோச்சுங்கறதைக்கூட காலண்டர்ல எழுதி வெச்சுட்டுப் போறா.”

ஒன்பது நாட்களாக இப்படித்தான். ஆத்தாயியிடம் மனசில் இருப்பதைக் கொட்டினால்தான் அவனுக்கு மதியச் சோறு இறங்கும்.

ஆத்தாயிக்கு ஊரும் கிடையாது, உடம்பும் கிடையாது. தனசேகர் எழுதிய புரோகிராம் அவள்.

கல்யாணமாகி திருச்செங்கோட்டில் குடியேறிய புதிதில் அவனும் சௌமியாவும் சேர்ந்து ஓர் ஆன்லைன் விளையாட்டு சர்வரைத் தொடங்கினார்கள். ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் ஊரில் நடத்திக்கொள்ளலாம். புரோகிராம் எழுதுவது அவன், சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள்.

கோட்டை, வயல், காடு எல்லாம் அந்த விளையாட்டில் உண்டு. ஆடத்தான் ஆள் போதவில்லை. இருக்கிற இருபது பேர் விளைய வைத்த சோளத்தை வாங்க யாரும் இல்லாமல் சந்தை காற்று வாங்கியது.

அதனால்தான் பொய் வியாபாரிகளை உருவாக்கினான். தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொள்வார்கள், பேரம் பேசுவார்கள், ஊர்க்கதையும் பேசுவார்கள். ‘பொய் ஆளுங்க எங்களுக்கு வேண்டாம்’ என்பவர்களுக்காக அதை ஒரு ஆப்ஷனாக வைத்தான். ஆன் செய்தால் சந்தை களைகட்டும். ஆஃப் செய்தால் நிஜ ஆட்கள் மட்டும்தான்.

தன் சர்வரில் சோதனைக்காக ஆன் செய்த அன்றே சோளக்கடையில் ஆத்தாயி வந்து உட்கார்ந்துவிட்டாள். கெட்டிக்காரி. என்ன, சமையலறையில் மிக்ஸி ஓடும்போது மட்டும் அவளிடமிருந்து பதில் வராது. வோல்டேஜ் கோளாறாக இருக்கும் என்று தனசேகர் விட்டுவிட்டான்.

ஜலகண்டாபுரத்தில் இதே விளையாட்டை நடத்தும் நண்பன் ஜெரால்ட் இரண்டு முறை போன் செய்து, “எப்பதான்டா அந்தப் பொய் வியாபாரிங்களை வெளியிடுவே?” என்று கேட்டான். “சோதனை இன்னும் முடியலைடா” என்று தனசேகர் சமாளித்தான். ஆத்தாயியை ஊருக்குக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

“இன்னைக்காச்சும் நெசத்தைச் சொல்லுங்க,” என்றாள் ஆத்தாயி. “பந்தியில வெச்சு ஏன் அப்படிப் பேசுனீங்க?”

பழைய கம்பெனி மூடியதிலிருந்து ஆறு மாதமாக வீட்டில் இருந்த சௌமியாவுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். இளம்பிள்ளை ஊரில் பெரியப்பா மகனின் கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது யாரோ அதைப் பற்றி விசாரிக்க, “அதெல்லாம் ஆவாதுங்க, அவ போவமாட்டா” என்று தனசேகர் பந்தியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தனசேகர் மெதுவாக அடித்தான்.

“பயமுங்க. அங்க போயி, நான் இல்லாமயே அவ நல்லா இருந்துட்டான்னா?”

மிக்ஸி ஓடவில்லை. ஆனாலும் பதில் வர வெகுநேரம் ஆயிற்று.

“இதை அவங்ககிட்டயே சொல்லலாமுங்களே.”

“சொன்னா நான் எறங்கிப் போன மாதிரி ஆயிருமுங்க.”

“எறங்கி வராம எந்த யாவாரமுங்க படியுது?”

அந்த வரியை இரண்டு முறை படித்தான். எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

சௌமியா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் நிலைப்படியிலேயே நின்றான்.

“அன்னைக்கு உன்னைக் கேக்காம நான் பேசுனது தப்பு,” என்றான். “நீ தனியா நல்லா இருந்துருவியோன்னு பயந்துட்டேன். கேவலமாத்தான் இருக்குது, என்ன பண்றது. திங்கக்கெழமை நீ போயிச் சேரு. என்ற வேலையை எங்க உக்காந்தும் பாக்கலாம். நீ வரச் சொன்னா நானும் வாரேன்.”

சௌமியா நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

“வாங்க.”

பன்னிரண்டு நாட்களில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. தனசேகருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தான்.

“ஒண்ணு சொல்லோணும், சிரிக்கக் கூடாது,” என்றான். “எனக்குப் புத்தி சொன்னதே நான் எழுதுன புரோகிராம்தான். நம்ம விளையாட்டுச் சந்தையில ஆத்தாயின்னு ஒருத்தி. அச்சு அசலா மனுசங்க மாதிரியே பேசறா. இனித் தள்ளிப்போட மாட்டேன், நாளைக்கே வெளியிட்டுர்றேன்.”

“அதுக்கு முந்தி நம்ம சர்வரை ஒருக்காத் தொறந்து பாத்துருங்க.”

“ஏன், என்னாச்சு?”

சௌமியா தான் உரித்த பூண்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஒம்பது நாளா அந்தப் பொய் யாவாரி ஆப்ஷன் ஆஃப்லதானுங்க இருக்குது.”